போக்சோ சட்டம் எங்கே பலம், எங்கே பலவீனம்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

குழந்தைக்குக் கொடுமை நடந்த செய்தி வரும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே குரல்தான் கேட்கிறது: “தூக்கில் போடுங்கள், அப்போதுதான் பயம் வரும்.” 2024 ஆகஸ்டில், மும்பையை ஒட்டிய பத்லாபூரில், நர்சரி படித்த இரண்டு சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையைக் கேட்டு மக்கள் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தபோதும் இதே முழக்கம்தான். கோபம் நியாயமானது. ஆனால் மிகக் கொடிய குற்றங்களுக்குத் தூக்கு வரை கொடுக்கலாம் என்று, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2019-லேயே மாறிவிட்டது. பத்லாபூரில் கோட்டை விட்டது வேறு இடத்தில். பள்ளி நிர்வாகம் உடனே போலீஸுக்குச் சொல்லவில்லை. பெற்றோர் பல மணி நேரம் ஸ்டேஷனில் காத்துக் கிடந்த பிறகுதான் புகார் பதிவானது. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தபோது கேள்வி கேட்டதும் இந்தத் தாமதத்தைப் பற்றித்தான்.

லோக்கல் ரயிலில் டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர், அபராதம் 250 ரூபாயா 500 ரூபாயா என்று கணக்குப் போடுவதில்லை. பாலத்து முனையில் டிசி (டிக்கெட் பரிசோதகர்) நிற்கிறாரா என்றுதான் எட்டிப் பார்க்கிறார். டிசி எட்டியே பார்க்காத ஸ்டேஷனில் அபராதத்தை ஐயாயிரம் ஆக்கினாலும் யாரும் டிக்கெட் வாங்கப்போவதில்லை. குற்றவியல் சட்டமும் இப்படித்தான். தண்டனை எவ்வளவு என்பது ஒரு பக்கம், மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பது இன்னொரு பக்கம். நம் பேச்சு முழுக்க முதல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

போக்சோவில் எது வரும், எது வராது

‘பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் போக்சோ. 2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் இதன்படி குழந்தை. ஆண், பெண், திருநர் என்ற பேதம் இல்லை. பையன்களுக்கு இது பொருந்தாது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். நன்றாகவே பொருந்தும். குற்றம் செய்தவர் பெண்ணாக இருந்தாலும் வழக்கு உண்டு.

குற்றங்களை இந்தச் சட்டம் படிப்படியாகப் பிரிக்கிறது. உடலுக்குள் ஊடுருவும் வன்கொடுமை ஒரு படி. பாலியல் நோக்கத்தோடு தொடுவது அடுத்த படி. தொடாமலே செய்யும் ஆபாசப் பேச்சு, சைகை, பின்தொடர்தல், படம் காட்டுதல் இன்னொரு படி. குழந்தையை ஆபாசப் படம் எடுக்கப் பயன்படுத்துவதற்குத் தனிப் பிரிவு உண்டு. துணிக்கு மேலே தொட்டால் அது குற்றமா என்ற சந்தேகம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 ஜனவரியில் கொடுத்த ஒரு தீர்ப்பால் கிளம்பியது. தோலோடு தோல் பட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. பார்க்க வேண்டியது பாலியல் நோக்கம் இருந்ததா என்பதைத்தான், நடுவில் துணி இருந்ததா என்பதை அல்ல என்றது.

அடி, சூடு வைத்தல், பட்டினி போடுதல் இவையெல்லாம் போக்சோவில் வராது. பொறுப்பில் இருக்கிறவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவு இருக்கிறது. வகுப்பறையில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. “வாத்தியார் பிரம்பால் அடிச்சுட்டார், போக்சோ போடுங்க” என்று ஸ்டேஷனுக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், பிரிவு போடுவது போலீஸ் வேலை.

தண்டனையைக் கூட்டியதில் நடந்தது என்ன

2019 திருத்தத்துக்கு முன்பு ஊடுருவும் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு. இப்போது 10 ஆண்டு. குழந்தை 16 வயதுக்குக் கீழே என்றால் 20 ஆண்டு. இதில் ‘மோசமான வகை’ என்று சட்டம் தனியாகப் பிரித்தவை உண்டு: குழந்தைக்கு 12 வயது ஆகாதது, செய்தவர் போலீஸ், ஆசிரியர், நெருங்கிய உறவினர், காப்பாளர் என்று பொறுப்பில் இருந்தது, கூட்டாகச் செய்தது, திரும்பத் திரும்பச் செய்தது போன்றவை. இவற்றுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டாக இருந்தது 20 ஆனது. மேல் எல்லை ஆயுள் முழுக்கச் சிறை அல்லது தூக்கு. குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்ன அளவுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களில் ஆண்டுதோறும் தெரிவது ஒன்றுதான்: இந்தக் குற்றங்களைச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். சித்தப்பா, டியூஷன் சார், பக்கத்துக் கோளி (அறை) அண்ணன். “சொன்னால் மாமாவுக்கு இருபது வருஷம், இல்லாவிட்டால் தூக்கு” என்று தெரிந்தால் பாட்டி வாயைத் திறப்பாளா? வீட்டுச் சோறு அந்த ஆளின் சம்பளத்தில் வேகிறது என்றால் அம்மாதான் சொல்வாளா? தண்டனை ஏற ஏற, வீட்டுக்குள் புகாரை அமுக்கும் கையும் கனக்கிறது. இதற்காகத் தண்டனை குறைய வேண்டும் என்று சொல்லவில்லை. தண்டனையை மட்டும் ஏற்றிவிட்டு, புகார் வருவதற்கான வழியைச் சீர்செய்யாமல் விட்டால் கிடைப்பது காகிதப் பலம் மட்டுமே.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: போக்சோ பாலியல் குற்றங்களுக்கு மட்டும், 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும். தண்டனை ஏற்கெனவே கடுமையாக இருக்கிறது. சட்டத்தின் நிஜ பலம் அதன் நடைமுறைப் பிரிவுகளில் இருக்கிறது, அவற்றைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

தெரிந்தவர் எல்லாரும் சொல்லியாக வேண்டும்

19-ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும். டாக்டர், டீச்சர், டியூஷன் நடத்துகிறவர், சால் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பு) கமிட்டித் தலைவர், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் விலக்கு இல்லை. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கும் இதே பிரிவு பாயும். ஒரு குழந்தை தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததற்காக மட்டும் தண்டனை கிடையாது.

“தப்பாகப் போய்விட்டால் நம்ம மேலேயே கேஸ் வருமே” என்ற பயம் நிறையப் பேருக்கு. நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. பொய் என்று தெரிந்தே, ஒருவரை மாட்டிவிடப் புகார் கொடுத்தால்தான் தண்டனை. நடந்ததா என்று விசாரித்து உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை. டீச்சரும் ஹெட்மாஸ்டரும் சேர்ந்து ‘உள்விசாரணை’ நடத்தி, குழந்தையை நாலு பேர் நாலு தடவை கேட்டுவிட்டுப் பிறகு ஸ்டேஷனுக்குப் போவதில்தான் பல வழக்குகள் கெடுகின்றன.

2022 ஜூனில் மும்பைக் காவல் ஆணையர் ஓர் உத்தரவு போட்டார். போக்சோ புகார் வந்தால் துணை ஆணையரின் அனுமதி பெற்ற பிறகுதான் எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை, பதிய வேண்டும் என்று. பொய்ப் புகார்களால் நிரபராதிகள் பாதிக்கப்படுகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். குழந்தைகள் உரிமை அமைப்புகள் கடுமையாக எதிர்க்க, பிறகு அந்த உத்தரவு கைவிடப்பட்டது. தண்டனைப் பிரிவில் ஒரு எழுத்தும் மாறாமலே, வாசலில் ஒரு தாழ்ப்பாளைச் சேர்த்து முழுச் சட்டத்தையும் பலவீனமாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண், அவசரம் என்றால் 112. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதைச் சிறப்பு நீதிமன்றத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு என்பது, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்படி அமைக்கப்பட்ட குழு. குற்றம் செய்தவர் வீட்டிலேயே இருந்தால், குழந்தை அந்த வீட்டில் இருக்கலாமா வேண்டாமா என்பதை இந்தக் குழுதான் தீர்மானிக்கும்.

வாக்குமூலம்: மும்பைத் தமிழர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம்

குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் வேறு இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் கூடவே இருக்கலாம். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

கடைசி விதி தாராவியிலும் செம்பூரிலும் அடிக்கடி சறுக்குகிறது. ஸ்டேஷனில் எழுதுவது மராத்தியில். ஏழு வயதுக் குழந்தை பேசுவது வீட்டுத் தமிழும் பள்ளி இந்தியும் கலந்து. நடுவில் “நான் சொல்றேன் சாஹேப்” என்று ஓர் உறவினரோ பக்கத்து வீட்டு அக்காவோ மொழிபெயர்க்க உட்காருகிறார். குழந்தை, “அங்கிள் கைய இங்க வெச்சாரு, வலிச்சுது, நான் ஓடிட்டேன்” என்கிறது. அக்காவுக்கு அதை அப்படியே சொல்லக் கூச்சம். “தொந்தரவு கொடுத்தாராம்” என்று இந்தியில் சொல்லி முடித்துவிடுகிறார். எழுத்தில் தொந்தரவு மட்டும் ஏறுகிறது. கை வைத்த இடமும் இல்லை, வலியும் இல்லை. மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் குழந்தை முழுதாகச் சொல்லும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “இதெல்லாம் போலீஸ் வாக்குமூலத்தில் இல்லையே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்பார். குழந்தை பொய் சொல்லவில்லை, அக்காவும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் வழக்கில் ஓட்டை விழுந்துவிட்டது.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. குழந்தைக்குப் புரியாத மொழியில் பதிவு நடந்தால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. வாக்குமூலத்துக்கு 26-ஆம் பிரிவும் நீதிமன்றச் சாட்சியத்துக்கு 38-ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன. செலவு குடும்பத்தின் தலையில் விழாது. “தமிழ் துபாஷி வேண்டும்” என்று ஸ்டேஷனில் கேளுங்கள், முடிந்தால் எழுத்திலேயே கொடுங்கள். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இடம், நேரம், ஆள், எந்த உறுப்பு, எத்தனை தடவை என்ற ஐந்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்ஐஆரின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குழந்தை முதல் முறை வாய்விட்டுச் சொன்னதை, அதே வார்த்தையில், தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அத்தோடு கேள்வியை நிறுத்துங்கள். சின்னம்மா வந்து கேட்டு, தாத்தா வந்து கேட்டு, ஒவ்வொருவரும் “இப்படிச் செஞ்சானா, அப்படிச் செஞ்சானா?” என்று எடுத்துக் கொடுத்தால் குழந்தையின் நினைவே கலங்கிப்போகும்.

மருத்துவப் பரிசோதனை

எஃப்ஐஆர் பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், பெற்றோர் உடன் இருக்கலாம். சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் இலவசம், “முதலில் எஃப்ஐஆர் கொண்டு வா” என்று திருப்பி அனுப்பக் கூடாது. தடயங்கள் பொதுவாக 96 மணி நேரம் வரை எடுக்கப்படும். அதற்குள் என்றால் குளிப்பாட்டாமல் கூட்டிப் போவது நல்லது. அன்றைக்கு உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். காயம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, பெரும்பாலான தொடுதல் குற்றங்களில் காயமே இருக்காது. இருவிரல் பரிசோதனை என்ற பழைய கொடுமையை யார் செய்தாலும் அது ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

நீதிமன்றத்தில்

போக்சோ வழக்கை விசாரிக்கத் தனிச் சிறப்பு நீதிமன்றம் உண்டு. விசாரணை மூடிய அறையில் நடக்கும். குழந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரும் முகத்துக்கு முகம் பார்க்காதபடி திரையோ வீடியோவோ வைக்க வேண்டும். வக்கீல் குழந்தையை நேரடியாகக் குடையக் கூடாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும். எல்லா அறைகளிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆதரவு நபர் முக்கியம். குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் இவர், புகாரிலிருந்து தீர்ப்பு வரை குழந்தையோடும் குடும்பத்தோடும் கூட வருவார். பல குடும்பங்களுக்கு இப்படி ஓர் ஆள் உண்டு என்பதே தெரிவதில்லை. கேட்டால்தான் கிடைக்கிறது.

29-ஆம் பிரிவைப் பற்றி வெளியே நிறையக் கட்டுக்கதை. “போக்சோ போட்டால் நேரா ஜெயில்தான், நிரூபிக்கவே வேண்டாம்” என்பார்கள். அப்படியில்லை. அந்தப் பிரிவு சொல்வது ஓர் அனுமானம், அதாவது மறுதரப்பு மறுத்து நிரூபிக்கும் வரை நீதிமன்றம் குற்றம் நடந்ததாக எடுத்துக்கொள்வது. ஆனால் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். குழந்தைக்கு 18 ஆகவில்லை என்பதும் அதில் ஒன்று.

வயதிலேயே விழுந்த வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும் வயதுக்கு ஆதாரம் ஆகாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை நீக்கியது. சட்டம் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்று. எதுவுமே இல்லாதபோதுதான் எலும்பைப் பார்த்து வயதைக் கணிக்கும் பரிசோதனை. ஆதார் அட்டையை நம்பி இருக்காதீர்கள். ஊரில் பிறந்து இங்கே வளர்கிற குழந்தைக்குப் பிறப்புச் சான்று பெரும்பாலும் திருநெல்வேலி வீட்டுப் பெட்டியில் கிடக்கும்.

சுருக்கமாக: வாக்குமூலம் குழந்தையின் சொல்லில் இருக்க வேண்டும், துபாஷி உரிமை, வயதுச் சான்று கையில் வேண்டும், ஆதரவு நபரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பைசல், காதல், செல்போன்

சங்கத்தில் கூப்பிட்டு, பணம் கொடுத்துப் பைசல் பண்ணுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தப் பைசலுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. தகப்பனே ஆசிரியரோடு சமரசம் செய்துகொண்டதைக் காட்டி ரத்து செய்யப்பட்ட ஒரு வழக்கை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. பைசல் பேசுகிற பெரியவர்களுக்கு விஷயம் தெரியும், ஆனால் சொல்லவில்லை. அந்த 19-ஆம் பிரிவு அவர்களையும் சும்மா விடாது.

பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போனால் அதுவும் போக்சோதான். 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாதி பார்த்துக் காதலைப் பிரிக்க இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும் வீடுகளும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. நடைமுறையில் இதன் விலை அந்தப் பெண்ணின் உடல்நலம்: போலீஸுக்குப் போகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகமாட்டாள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் ஒரு வழி திறந்துவிட்டது.

குழந்தையைத் தவறாகக் காட்டும் வீடியோ ஏதாவது குழுவில் வந்தால், “இவனைப் பிடிங்க” என்ற நல்லெண்ணத்தில்கூட அனுப்பாதீர்கள். அனுப்புவதே குற்றம். செல்போனில் வைத்துக்கொள்வதும் குற்றமாகலாம். வெறுமனே வைத்திருந்து பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் பகிர்வதும் 23-ஆம் பிரிவுக் குற்றம்.

ஊருக்குப் போனால் வழக்கு என்னாகும்

மே மாத லீவில் ஊருக்குப் போன இடத்தில்தான் குழந்தை பாட்டியிடம் வாயைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மும்பை திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். இதுதான் ஜீரோ எஃப்ஐஆர். பதிந்து, பிறகு மும்பைக்கு மாற்றுவார்கள். முதல் பதிவு தமிழிலேயே நடக்கும் என்பது கூடுதல் நன்மை.

மறுபக்கமும் உண்டு. இங்கே வழக்கு நடக்கும்போதே, “இனி இந்த ஊரே வேண்டாம்” என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு குடும்பம் கிளம்பிவிடும். புலனாய்வை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். வழக்கு கோப்புக்கு வந்த 30 நாளில் குழந்தையின் சாட்சியம், முடிந்தவரை ஓராண்டில் விசாரணை முடிவு என்கிறது போக்சோ. ஆனால் சம்மன் பழைய சால் முகவரிக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பினால் அந்த 30 நாள் மூன்று வருஷமாகிவிடும். அதற்குள் குழந்தைக்கு நினைவு மங்கும், குடும்பத்துக்கு அலுப்புத் தட்டும், எதிர்த்தரப்பு ஆள் வைத்துப் பேசும்.

கிளம்புவதற்கு முன் புது முகவரியையும் செல் நம்பரையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆதரவு நபருக்கும் சொல்லுங்கள். பயணம் முடியாதென்றால், ஊருக்குப் பக்கத்து நீதிமன்றத்திலிருந்து வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்டு அரசு வக்கீல் மூலம் மனுப் போடலாம். உணவு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் தர வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு உதவித்தொகை தரும் மகாராஷ்டிராவின் மனோதைர்யா திட்டத்துக்கான விண்ணப்பம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போகும். ஊர் மாறினாலும் பணம் குழந்தையின் கணக்குக்கே வரும், வங்கிக் கணக்கு குழந்தையின் பெயரில் இருந்தால்.